கோர்வைக்கு ஆள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோரின் தனிமையைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உலகத்தில் ஆறு பேரில் ஒருவர் தனிமையில் வாடுவதாக உலக சுகாதார நிறுவனம் 2025-இல் அறிக்கை கொடுத்திருப்பதையும், மனம் கலங்கினால் 14416, முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்களையும் அதில் போட்டிருந்தீர்கள். நல்ல காரியம் செய்தீர்கள். அந்த இரண்டு எண்களையும் எங்கள் தறி வீட்டுச் சுவரில் கரித்துண்டால் எழுதி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

கட்டுரையின் முடிவில், உறவினரும் அக்கம்பக்கத்தாரும் அடிக்கடி போய் ஆறுதல் சொல்ல வேண்டும் என்று இருந்தது. அந்த இடத்தில்தான் எனக்குச் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. என்னிடம் ஆறுதல் சொன்னவர்கள் பலர். அவர்கள் நன்றாக இருக்கட்டும். ஆனால் என்னை எழுப்பி உட்கார வைத்தவள், ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்லாமல் வேலை கேட்டு வந்த ஒருத்தி.

நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவள். வயது 61. ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். அதற்கு முன்பே, எட்டு வயதில், என் அப்பாவின் தறியில் இடப்பக்கம் உட்கார்ந்துவிட்டேன். 1987-இல் கல்யாணம் ஆனபோது அந்தத் தறியின் இடப்பக்கத்திலிருந்து எழுந்து இந்தத் தறியின் இடப்பக்கத்திற்கு வந்தேன். 34 வருடம் என் கணவர் வலப்பக்கம், நான் இடப்பக்கம்.

நெசவு தெரியாத வாசகர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று பார்த்திருப்பீர்கள். உடலைத் தனியாகவும் கரையைத் தனியாகவும் நெய்து தைப்பதில்லை. மூன்று நாடா ஓடும். ஊடை என்ற குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் கட்டைதான் நாடா. வலக்கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, இடக்கரைக்கு ஒன்று. ஒவ்வொரு வரியிலும் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று கொக்கி போல வளைத்துப் பிடித்துக்கொண்டு திரும்ப வேண்டும். அதுதான் கோர்வை. சேலையே கிழிந்தாலும் கோர்வை விடாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். நெய்கிறவருக்கு வலப்பக்கமும் நடுவும் எட்டும், இடக்கரை எட்டாது. அதற்கு இன்னொருவர் உட்கார வேண்டும். ஆகவே கோர்வைச் சேலை எப்போதுமே இரண்டு பேர் நெய்த சேலை. கடையில் வாங்குகிறவர்கள் ஒரு நெசவாளர் நெய்தது என்றே நினைத்துக்கொள்கிறார்கள். இடப்பக்கத்து ஆளுக்குப் பெயர் கிடையாது, அட்டையிலும் கையெழுத்து கிடையாது. அது எனக்கு ஒரு குறையாக இருந்ததில்லை. ஆனாலும் இதை எழுதும்போது எழுதிவிடத் தோன்றுகிறது.

தறியில் நாங்கள் அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம். அவர் மிதிக்கும் சத்தத்திலேயே அடுத்த நாடா எப்போது என்று என் கைக்குத் தெரியும். சண்டை போட்ட நாட்களிலும் நெய்திருக்கிறோம். அன்று நெய்த ஒரு சாண் கோர்வையை விரலால் தடவினால் எனக்குத் தெரிந்துவிடும், கொஞ்சம் தளர்ந்திருக்கும். அவர் தார், அதாவது நாடாவுக்குள் வைக்கும் நூல் சுற்றிய குச்சி, மாற்றும் நேரத்தில் நான் தங்கள் நாளிதழிலிருந்து ஒரு செய்தி படிப்பேன். பாதியில் நாடா ஓட ஆரம்பித்துவிடும். மீதியை அடுத்த தார் மாற்றும்போது படிப்பேன். ஒரு தலையங்கம் முடிய ஒரு முற்பகல் ஆகும்.

2021 மே மாதக் கடைசியில் அவர் போய்விட்டார். கொரோனா இரண்டாம் அலை. 108 வண்டியில் ஏறும்போது, "மூன்று முழம்தான் பாக்கி, வந்து முடித்துக்கொள்ளலாம்" என்றார். தறியில் மாம்பழ நிற உடலும் அரக்குக் கரையுமாக ஒரு சேலை நின்றது. பாவு என்பது தறியில் நீளவாக்கில் கட்டிய நூல். ஒரு பாவில் மூன்று சேலை வரும், அது இரண்டாவது. ஒன்பது முழம் முடிந்திருந்தது. அவர் திரும்பி வரவில்லை. முகத்தைத் தூரத்தில் நின்று பார்த்தேன். பெயர் தெரியாத நான்கு இளைஞர்கள் உடம்பு முழுக்க உறை போட்டுக்கொண்டு வந்து எடுத்துப்போனார்கள். அந்தப் பிள்ளைகள் யார் பெற்ற பிள்ளைகளோ, அவர்களுக்காக இன்றும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன்.

ஊரடங்கு என்பதால் சாவுக்கு ஒருவரும் வர முடியவில்லை. ஒப்பாரி இல்லை, பறை இல்லை. எங்கள் தெருவில் ஒரு சாவு என்றால் பத்து வீட்டுத் தறி நிற்கும். அன்று நிற்க வேண்டிய அவசியமே இல்லை, பட்டு வராமல் எல்லாத் தறியும் ஏற்கெனவே நின்றுதான் இருந்தன. பதினாறாம் நாள் காரியத்தை மகனும் நானும் ஐயருமாக மூன்று பேர் முடித்தோம். நாத்தனார் கைப்பேசியில் பார்த்துக்கொண்டே அழுதார். அந்தப் பக்கத்து அழுகை இரண்டு நொடி தாமதமாக என் காதுக்கு வந்தது.

ஊரடங்கு தளர்ந்த பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். விதி என்றார்கள். மகனைப் பார், பேரனைப் பார் என்றார்கள். மகன் ஒரகடத்தில் ஒரு கார்த் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். மருமகளும் பேரனும் அங்கேயே இருக்கிறார்கள். "அம்மா, தறியைப் பிரித்து விற்றுவிட்டு வந்துவிடுங்கள்" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. ஒரு மாதம் போய் இருந்தேன். கம்பெனி பஸ் அவனை விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு போய்விடும். மாடி வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் கேட்காது. எங்கள் தெருவில் அண்டை வீட்டுத் தறிச் சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டே இருக்கும். அது இல்லாமல் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

வந்து என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. ஐம்பது வருடப் பழக்கத்தில் நான்கு மணிக்கு விழிப்பு வந்துவிடும். எழுந்து தறிக்குப் பக்கத்தில் தரையில் உட்காருவேன். அவருடைய பழைய வேட்டி ஒன்றைப் பாவின் மேல் போர்த்தியிருந்தேன். காலையில் வடித்த சோற்றையே இரவிலும் சாப்பிடுவேன். சில நாள் அதுவும் இல்லை. பேப்பர் போடும் பையன் போட்டுக்கொண்டே இருந்தான், நான் பிரிக்காமலேயே அடுக்கிக்கொண்டே வந்தேன். யாருக்குப் படித்துக் காட்டுவது? 2022 வைகாசியில், இரண்டு வருடத்திற்குப் பிறகு வரதர் கருட சேவை வீதிக்கு வந்தது. ஊரே திரண்டு போனது. நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். கொட்டுச் சத்தம் வந்து, நின்று, தேய்ந்து போனது. கூட்டத்தில் நின்றால் யாராவது என்னைத் தொட்டுவிடுவார்கள் என்று பயமாக இருந்தது. தொட்டால் உடைந்துவிடுவேன் என்று நினைத்தேன்.

பாவு கொடுத்த நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து இரண்டு முறை ஆள் வந்தார். பாவை அறுத்துத் திருப்பிக் கொடுத்துவிடும்படி தன்மையாகத்தான் கேட்டார். பட்டும் ஜரிகையும் கணக்கில் எங்கள் பெயரில் நிற்கும்போது அவர் கேட்காமல் என்ன செய்வார்? அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று சொல்லிப் பதினான்கு மாதம் ஓட்டிவிட்டேன்.

ஆடி மாதம் ஒரு காலை. எதிர் வரிசை அக்கா வாசலில் வந்து நின்றார். அவருக்கு என்னைவிட ஐந்து வயது கூட. அவர் கணவர் இறந்து அப்போதே ஆறு வருடம் ஆகியிருந்தது. தறியை விற்றுவிட்டு, வீட்டில் இராட்டை வைத்து மற்றவர்களுக்குத் தார் சுற்றிக் கொடுத்து வாழ்ந்தவர். திண்ணையில் உட்காரவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. "உன் தறியில் மூன்று முழம் நிற்கிறதாமே. நான் கோர்வை போடுகிறேன். வருகிறாயா?" என்றார்.

"எனக்கு வலப்பக்கம் தெரியாதே அக்கா" என்றேன்.

"எனக்கும் தெரியாது. என் பிழைப்பும் இடப்பக்கம்தான். இரண்டு பேரும் இடப்பக்கமே உட்கார முடியாது. தறி உன்னுடையது, நீ அங்கே போ" என்று சொல்லிவிட்டு உள்ளே நுழைந்து வேட்டியை எடுத்து மடித்து வைத்தார். நான் பதினான்கு மாதம் தொடாத வேட்டி அது.

என் கணவர் உட்கார்ந்த பலகையில் நான் அதற்கு முன் உட்கார்ந்ததே இல்லை. கூட்டுவேன், துடைப்பேன், உட்கார்ந்ததில்லை. நடுவில் வழவழப்பாக ஒரு பள்ளம் இருந்தது. தறிக்குக் கீழே மிதி இருக்கும் குழிக்குள் காலை விட்டேன். மிதி எட்டவில்லை. அவர் என்னைவிட ஒரு சாண் உயரம், அவருடைய காலுக்கு ஏற்றபடி கயிறு கட்டியிருந்தது. குனிந்து பார்த்தேன். கயிற்றில் அவர் போட்ட முடிச்சு இருந்தது. அழுத்தி இறுக்கி, வால் நறுக்கிய முடிச்சு. அக்கா கத்தரிக்கோலை எடுத்து நீட்டினார். நான் வாங்கவில்லை. அந்த முடிச்சுக்கு மேலேயே கயிற்றை மடித்துப் புதிதாக ஒரு முடிச்சுப் போட்டேன். மிதி எட்டியது. இன்றைக்கும் அந்தத் தறியில் இரண்டு முடிச்சும் இருக்கின்றன.

முதல் நாள் ஒரு விரற்கடை கூட நெய்யவில்லை. பாவு தொய்ந்திருந்தது, இழை அறுந்துகொண்டே இருந்தது. வேட்டி மூடாத இடத்தில் காற்றுப்பட்டு ஓர் அங்குலத்திற்கு ஜரிகை மங்கியிருந்தது. என் கைக்கு நாடாவை வீசத் தெரியும், ஆனால் காலுக்கு மிதி தெரியவில்லை. காலைப் பார்த்தால் கை தப்பும், கையைப் பார்த்தால் கால் தப்பும். அறுந்த இழையை முடிந்து முடிந்து என் விரல் நுனி காய்த்துவிட்டது. அக்கா ஒரு முறை கூடச் சலித்துக்கொள்ளவில்லை, ஒரு முறை கூடப் பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. "அறுந்தது" என்பார், நிறுத்துவேன். "ஆயிற்று" என்பார், மிதிப்பேன். பகல் முழுவதும் இந்த இரண்டு வார்த்தைதான். மாலையில் அவர் போன பிறகு, பசிக்கிறது என்று எனக்கே தெரிந்தது. வயிறு பசிப்பதை உணர்ந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. உலை வைத்தேன்.

மூன்று முழத்திற்கு இருபத்தாறு நாள் ஆனது. என் கணவரும் நானும் உட்கார்ந்திருந்தால் ஐந்தாறு நாள் வேலை. அறுத்தெடுத்த அன்று சேலையைப் பாயில் விரித்து, அவர் முடித்த இடத்திலிருந்து நாங்கள் தொடங்கிய இடத்தைத் தடவிப் பார்த்தேன். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, விரலுக்குத் தெரியும். எங்கள் பக்கம் கொஞ்சம் தளர்வு, ஆனால் எந்த இடத்திலும் விட்டுப்போகவில்லை. சங்கத்தில் பார்த்தவர் அந்த மங்கலான ஓர் அங்குலத்தைக் காட்டிக் கூலியில் பிடித்தார். நியாயம்தான். கிடைத்த கூலியைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டோம். அக்கா பணத்தை எண்ணி முடித்துவிட்டு, "மூன்றாவது சேலை நாளைக்கே தொடங்கலாம்" என்றார். அப்போதுதான் இருவரும் அழுதோம், அதுவரை ஒருவர் முன் ஒருவர் அழுததில்லை. அவர் தன் கணவருக்காக அழுதாரா, என் கணவருக்காக அழுதாரா என்று நான் கேட்டதில்லை.

இது நடந்து மூன்று வருடத்திற்கு மேல் ஆகிறது. இப்போது எங்கள் தறி வீட்டில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர், மகனை விபத்தில் இழந்த தாய். தார் சுற்றுகிறார். முதல் ஒரு மாதம் இராட்டையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தார். நாங்கள் திருப்பச் சொல்லவில்லை. ஒருநாள் வெளிச்சம் போதவில்லை என்று அவரே திருப்பிக்கொண்டார். இன்னொருவர் பக்கத்துத் தெரு ஐயா, எழுபதைத் தாண்டியவர். மனைவி இறந்த பிறகு அவருக்குக் கோர்வைக்கு ஆள் இல்லை. எங்களில் ஒருத்தி போய் அவர் தறியில் உட்கார்ந்தால் ஊர் என்ன பேசும் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். சேலையில் பூவேலை எடுக்கும் ஜக்கார்டு பெட்டியைப் பிரித்துக் கட்டுவதில் அவர் கைதேர்ந்தவர். எங்கள் பெட்டி பழுதானபோது வந்து சரிசெய்தார். மறுநாள், "வேறு ஏதாவது பழுது இருக்கிறதா அம்மா?" என்று வாசலில் நின்றார். பழுது ஒன்றும் இல்லை. இருக்கிறது என்று அக்கா சொன்னார். கதவை அகலத் திறந்தே வைத்திருக்கிறோம். ஓரிரு மாதம் தெருவில் பேசினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். பேப்பரை இப்போது ஐயாதான் படிக்கிறார், தார் மாறும்போதெல்லாம். தங்கள் கட்டுரையையும் அப்படித்தான் கேட்டேன், பிறகு நானே எடுத்து ஒருமுறை படித்தேன்.

வருத்தம் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. வைகாசி வந்தால் கை ஓடாது. அக்காவுக்கு மார்கழி ஆகாது, அவர் கணவர் போன மாதம். ஒருவர் ஓய்ந்திருக்கும் நாளில் மற்றவர் தறியைத் துடைத்து, பாவுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, சும்மா உட்கார்ந்திருப்பார். உட்கார ஓர் ஆள் இருக்கிறார் என்பதே பெரிது.

இனி நான் கேட்க வந்தது. காஞ்சிப் பட்டுக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 7 கைத்தறி நாள் கொண்டாடுகிறோம். 2019-20 கணக்கெடுப்பில் கைத்தறித் தொழிலில் இருப்பவர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள் என்று வந்தது. அந்தப் பெண்களில் எத்தனை பேர் இடப்பக்கத்துப் பெண்கள்? துணை போனதும் அவர்கள் என்ன ஆகிறார்கள்? எங்கள் தெருக்களில் நின்றுபோன தறிகளுக்கு விசைத்தறியும் பட்டு விலையும் மட்டும் காரணம் இல்லை. வீட்டில் ஒரு சாவு விழுந்து, மற்றவர் தனியாகத் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் ஒரு காரணம். முன்பு பிள்ளைகளைக் கோர்வைக்கு உட்கார வைத்தோம், என்னையும் அப்படித்தான் உட்கார வைத்தார்கள். அது ஒழிந்தது நல்லதே, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில்தான் இருக்க வேண்டும். கோர்வையே இல்லாமல் ஒருவராக நெய்யும் சேலைகளும் இப்போது நிறைய வருகின்றன. நெய்கிறவர்கள் நெய்யட்டும். ஆனால் தனியாகிவிட்டவர்களிடம் போய், இனி நீ ஒற்றை நாடாவில் நெய்துகொள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே ஒவ்வொரு கூட்டுறவுச் சங்கத்திலும் ஒரு பதிவேடு வைக்க வேண்டும் என்று தங்கள் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். தறி இருந்து துணை இல்லாதவர்களின் பெயர் ஒரு பக்கம், கை இருந்து தறி இல்லாதவர்களின் பெயர் மறு பக்கம். பாவு கொடுக்கும்போது அந்த ஏட்டைப் பார்த்து இரண்டு பேரைச் சேர்த்துக் கொடுத்தால் போதும். அரசாணை வேண்டியதில்லை, தனி நிதி வேண்டியதில்லை. துக்க வீட்டுக்குப் போகிற வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பதினாறாம் நாள் வரை எல்லோரும் போகிறோம். பதினேழாம் நாளுக்குப் பிறகு ஒருமுறை போங்கள். போகும்போது உங்கள் வேலை ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். ஆய வேண்டிய கீரை, தைக்க வேண்டிய பொத்தான், எழுத வேண்டிய விண்ணப்பம், எதுவானாலும் சரி. அவர்களையும் ஒரு கை பிடிக்கச் சொல்லுங்கள்.

பதிவேடு வரும் வரை காத்திருக்க வேண்டாம் என்று நானே நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி எழுத ஆரம்பித்திருக்கிறேன். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் பக்கத்து ஆறு தெருக்களுக்கு மட்டும் ஐயாவும் நானும் விசாரித்தோம். தறி இருந்து துணை இல்லாதவர்கள் ஒரு பக்கம் பதினொரு பெயர், கை இருந்து தறி இல்லாதவர்கள் மறு பக்கம் நான்கு பெயர் சேர்ந்திருக்கின்றன. அதில் ஒரு ஜோடி போன திங்கட்கிழமை பாவு பிணைக்க உட்கார்ந்துவிட்டார்கள். விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு, பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாக முறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான இழை, முடிய நாள் ஆகும். எங்கள் சங்கம் கேட்டால் அந்த நோட்டைக் கொடுத்துவிடுகிறேன்.

என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு நெசவாளர்,
பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.